தொடாமலே நடக்கும் தொல்லை: ஆன்லைன் குரூமிங் என்றால் என்ன?

ஏழாம் வகுப்பில் போய் "கெட்ட தொடுதல் என்றால் என்ன?" என்று கேளுங்கள், பாதி வகுப்பு கை தூக்கும். வேண்டாம் என்று சத்தம் போட வேண்டும், அங்கிருந்து ஓடி வந்துவிட வேண்டும், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். பள்ளிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்ததன் பலன் அது. ஒருமுறை அப்படி ஒரு வகுப்பில் அடுத்த கேள்வியையும் கேட்டேன். "சரி, உங்களை யாரும் தொடவே இல்லை. எங்கேயோ வேறு ஊரில் இருக்கிற ஒருத்தர் போனில் பேசியே உங்களுக்குக் கெடுதல் செய்ய முடியுமா?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "முடியும் மிஸ். ஓடிபி கேட்டு பேங்க்ல இருக்கிற காசை எடுத்துருவாங்க" என்றான்.

அவன் சொன்னது சரிதான். வீட்டில் யாரோ அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தைக் காப்பாற்றப் பிள்ளைகளிடம் பேசிவிட்டோம். பிள்ளையையே குறிவைத்து வருகிறவர்களைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். எங்கே தொடங்குவது என்று தெரியாத அப்பா அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குரூமிங் என்ற சொல்லை இப்போது செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஒருவர் ஒரு பிள்ளையோடு பழகி, நம்பிக்கையைச் சம்பாதித்து, வீட்டாரிடமிருந்து மெல்ல மெல்லப் பிரித்து, கடைசியில் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதற்குத் தயார்ப்படுத்துவதுதான் குரூமிங். பழக்கி வசப்படுத்துவது என்று சொல்லலாம். ஆன்லைனில் இது நடக்கும்போது அந்த ஆள் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு போட்டோவோ ஒரு வீடியோ காலோ போதும். அது கைக்கு வந்ததும் பழக்கம் மிரட்டலாக மாறும். இன்னும் அனுப்பு, இல்லையென்றால் இதை உன் ஸ்கூல் குரூப்பில் போடுவேன் என்று ஆரம்பிக்கும். இந்த இரண்டாம் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் செக்ஸ்டார்ஷன் என்று பெயர். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டிப் பறிப்பது என்று அர்த்தம்.

'அண்ணா' என்று தொடங்குவது

இது எங்கே தொடங்கும் என்று கேட்டால், பெரும்பாலான பெற்றோர் 'கெட்ட வெப்சைட்' என்று நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளைகள் தினமும் புழங்கும் இடங்களில்தான் தொடங்குகிறது. ஃப்ரீ ஃபயர் மாதிரி விளையாட்டில் ஒரே ஸ்குவாடில், அதாவது ஒரே அணியில் சேர்ந்து, மைக்கில் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டிலும் சாட் இருக்கிறது. இன்ஸ்டாவில் ஒரு ரீல்ஸுக்குக் கமெண்ட் போட்டால் அடுத்த நிமிடம் மெசேஜ் ரிக்வெஸ்ட் வருகிறது. டியூஷன் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் நூறு பேரின் நம்பரும் குரூப்பில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

முதல் மெசேஜில் விகாரமாக எதுவும் இருக்காது. "செமயா ஆடற", "உன் டிராயிங் சூப்பர்", "எந்த ஊரு?" அவ்வளவுதான். விளையாட்டென்றால் இலவசமாக டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கித் தருகிறேன் என்பார்கள். நூறு ரூபாய் டைமண்டுக்காக வீட்டில் ஒரு வாரம் கெஞ்சிய பையனுக்கு, யாரோ ஒருவர் கேட்காமலே வாங்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. சாட்டில் வந்தவன் இருபது வயது என்று சொன்னதும் பிள்ளை தானாகவே 'அண்ணா' போட ஆரம்பித்துவிடும். பழக்கதோஷத்தில் வரும் மரியாதைச் சொல்தான். பஸ் கண்டக்டரையும் அண்ணா என்கிறோம், காய்கறிக்காரரையும் அண்ணா என்கிறோம். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்த ஒரு சொல் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. முகம் தெரியாத ஆள் என்ற எச்சரிக்கை அங்கேயே கரைந்துவிடும். "நீ என் தங்கச்சி மாதிரி. உனக்கு ஏதாவதுன்னா அண்ணன் இருக்கேன்" என்பான். சாப்பிட்டாயா என்று கேட்பான். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்ததற்கு வீட்டில் திட்டு விழுந்த அன்று, "உங்கம்மாவுக்கு உன்னைப் புரிஞ்சுக்கவே தெரியல" என்பான்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் நின்று கவனியுங்கள். அன்பாகத்தான் தெரிகிறது. ஆனால் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு விழுந்துவிட்டது. அடுத்த வாரம் அந்தக் கோடு கொஞ்சம் அகலமாகும். "நம்ம பேசுறத யார்கிட்டயும் சொல்லாத, அவங்க தப்பா எடுத்துப்பாங்க." இதுவரை யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று இருந்த பேச்சு இப்போது ரகசியமாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள், "என்னை அண்ணான்னு கூப்பிடாதயேன்" என்று வரும். தொடர்ந்து, "டிரெஸ் நல்லாருக்கே, ஒரு போட்டோ அனுப்பு." முதலில் முகம் மட்டும் கேட்பான். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சமே உயரம் என்பதால், எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. பெரியவர்களாலேயே முடியாது.

இது சில நாட்களில் நடக்கலாம், மாதக் கணக்கில் இழுக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் மாறாமல் வரும் அடையாளம் ஒன்று உண்டு: ரகசியம். அதனால் "தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்று சொல்வதைவிட, "நம்ம பேசுறத வீட்ல சொல்லாதேன்னு யார் சொன்னாலும், தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி, அதை உடனே வந்து சொல்லு" என்று சொல்லிக் கொடுப்பது எவ்வளவோ மேல். இரண்டு மாதம் தினமும் பேசியவன் பிள்ளையின் கணக்கில் 'தெரியாதவன்' இல்லை. தவிர, இப்படிப் பழக்குகிறவர்களில் பிள்ளைக்கு நேரில் தெரிந்தவர்களும் உண்டு. பயிற்சி கொடுப்பவர், சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர் யாராகவும் இருக்கலாம்.

பையன்களுக்கு வேறு வலை

பெண் பிள்ளை இருக்கும் வீட்டில்தான் இந்தக் கவலை என்று நினைப்பது பெரிய ஆபத்து. 14 முதல் 17 வயதுப் பையன்களைக் குறிவைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் உலகம் முழுக்க இயங்குகின்றன. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதற்கென்றே பெற்றோருக்குப் பொது எச்சரிக்கை விட்டது. இதில் மாதக் கணக்கில் பழகும் பொறுமையெல்லாம் கிடையாது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணின் டிபியோடு ரிக்வெஸ்ட் வரும். பத்தரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம் வரும். பதிலுக்கு இவன் ஒன்று அனுப்புவான், அல்லது வீடியோ காலை எடுப்பான். பதினோரு மணிக்கு இவனுடைய ஃபாலோயர் லிஸ்டின் ஸ்கிரீன்ஷாட் இவனுக்கே வந்து சேரும். சித்தப்பா, கிளாஸ் டீச்சர், கூடப் படிக்கும் பெண்கள் எல்லாப் பெயரும் அதில் இருக்கும். "ஐயாயிரம் ஜிபே பண்ணு. இல்லேன்னா எல்லாருக்கும் போகும்."

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற விஷயம். அந்தப் பையன் அம்மாவின் போனிலிருந்து பணம் அனுப்புவான், அல்லது நண்பர்களிடம் கடன் கேட்பான். பணம் போனதும் மிரட்டல் நிற்காது. இவன் கொடுப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதால் மறுபடி கேட்பார்கள்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை எதையுமே அனுப்பியிருக்க வேண்டாம். ஸ்டேட்டஸில் வைத்த சாதாரணப் போட்டோவை எடுத்து, ஏஐ வைத்து நிர்வாணப் படமாக மாற்றி மிரட்டுகிறார்கள். "நீ ஏன் அனுப்பின?" என்று கேட்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். உண்மையாக எடுத்த படமாக இருந்தாலும் போலியாகச் செய்த படமாக இருந்தாலும் மிரட்டுவது குற்றம் என்று நம் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

அமாண்டாவின் கதை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமாண்டா டாட் என்று ஒரு சிறுமி இருந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது வெப்கேமில் ஒரு ஆளின் புகழ்ச்சிக்கு மயங்கி ஒரே ஒரு கணம் மேலாடையை விலக்கினாள். அந்த ஆள் அதைப் படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னும் செய்து காட்டச் சொல்லி மிரட்டினான். மறுத்தபோது படத்தை அவள் சுற்றத்துக்கு அனுப்பினான். அவள் பள்ளி மாறினாள். பல போலிக் கணக்குகளில் அவன் அங்கேயும் பின்தொடர்ந்தான். 2012 செப்டம்பரில், நடந்ததையெல்லாம் அட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றாகக் காட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் ஒரு வீடியோ வெளியிட்டாள். அடுத்த மாதம் உயிரை மாய்த்துக்கொண்டாள். வயது 15. அந்த ஆள் நெதர்லாந்தில் பிடிபட்டு, கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022இல்தான் அங்கே 13 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றான்.

இதை இங்கே சொல்வது பயமுறுத்த அல்ல. அந்த அட்டைகளில் மிரட்டியவனைப் பற்றி எவ்வளவு இருந்ததோ, அதே அளவுக்குப் பள்ளியில் கூடப் படித்தவர்களின் கேலியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் இருந்தது. கடல் தாண்டி இருந்தவன் ஒரு காயம் கொடுத்தான், சுற்றி இருந்தவர்கள் இன்னொரு காயம் கொடுத்தார்கள். முதலாவதை நம்மால் எப்போதும் தடுத்துவிட முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

மிரட்டுகிறவனுக்கு உண்மையில் என்ன பலம் இருக்கிறது? பெரும்பாலும் அவன் எங்கேயோ தூரத்தில் இருக்கிறான். வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. அவனிடம் இருப்பதெல்லாம் ஒரு படமும், 'இந்தப் பிள்ளை வீட்டில் சொல்லாது' என்ற நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுப்பது யார் என்று பார்த்தால், மனசு கஷ்டப்படும், ஆனால் நாம்தான்.

வேறு யாருக்காவது இப்படி நடந்தது என்று செய்தி வரும்போது வீட்டில் என்ன பேசுகிறோம்? "வயசுக்கு வந்த பொண்ணு கையில போனைக் கொடுத்தா இப்படித்தான்." "அவ ஒழுங்கா இருந்தா இவன் ஏன் பேசப் போறான்?" டிவி பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை மறப்பதில்லை. தனக்கு ஒன்று நடந்தால் இந்த வீட்டில் என்ன தீர்ப்பு என்று அதற்கு அன்றே தெரிந்துவிடுகிறது.

வகுப்புகளில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிச் சீட்டு கொடுத்து, ஏன் வீட்டில் சொல்ல மாட்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வருவது இரண்டு பதில்கள்தான். 'போனை வாங்கிடுவாங்க.' 'ஸ்கூலை நிறுத்திடுவாங்க.' இரண்டாவதை எழுதுவது அநேகமாகப் பெண் பிள்ளைகள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை, முகம் தெரியாத மிரட்டலையும் படிப்பு நின்றுபோவதையும் தராசில் வைத்துப் பார்த்து, மிரட்டலையே தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறது. அந்தச் சீட்டுகளைப் படித்துவிட்டு வீட்டுக்கு வரும் நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இன்னும் எதுவும் நடக்காத இப்போதே, சாதாரணமான ஒரு நாளில், பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "போன்ல யாராவது உன்னை மிரட்டினா, நீயே ஏதாவது தப்பா அனுப்பிட்டாலும், நீ வந்து சொல்லு. நான் அடிக்க மாட்டேன், போனை வாங்க மாட்டேன், ஸ்கூலை நிறுத்த மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கலாம்." மூன்று 'மாட்டேன்'களையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'எதுவா இருந்தாலும் சொல்லு' என்று பொதுவாகச் சொல்வது பிள்ளை காதில் ஏறாது. அதற்கு எந்தப் பயம் இருக்கிறதோ, அந்தப் பயத்தின் பெயரைச் சொல்லித்தான் அதை எடுக்க வேண்டும்.

இதை ஒருமுறை சொன்னால் போதாது. வீட்டிலே பெரியப்பா, பாட்டி என்று நாலு பேர் இருந்தால் அவர்களுக்கும் தெரியட்டும். அப்புறம், வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். சின்ன விஷயத்துக்கு, மார்க் குறைந்ததற்கெல்லாம், போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டிருந்தால் பெரிய விஷயத்தில் உங்கள் வாக்கைப் பிள்ளை நம்பாது.

சொன்ன அந்த இரவில்

பிள்ளை வந்து நிற்கிறது. அழுகிறது, அல்லது அழக்கூட முடியாமல் நிற்கிறது. உங்களுக்குக் கை நடுங்கும், கோபம் வரும். முதல் பத்து நிமிடத்தில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பில்ல" என்பது மட்டும்தான். என்ன நடந்தது, எப்போது, யார் என்ற விசாரணையெல்லாம் தண்ணீர் குடிக்க வைத்த பிறகு. அன்றிரவு பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள்.

அடுத்து, எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்திலும் பயத்திலும் சாட்டை டிலீட் செய்வதும், போனையே ரீசெட் செய்வதும்தான் பல வீடுகளில் முதலில் நடக்கிறது. அதோடு ஆதாரமும் போய்விடும். மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஆளின் கணக்குப் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் யூசர்நேம் தெரியும்படி எடுங்கள், புரொஃபைல் லிங்கையும் காப்பி செய்து வையுங்கள். இன்ஸ்டாவில் காட்டும் பெயரும் யூசர்நேமும் வேறு வேறு, போலீஸுக்கு வேண்டியது யூசர்நேம். போன் நம்பர், பணம் கேட்ட யுபிஐ ஐடி, தேதி, நேரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு அந்த ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், கடைசியில் பிளாக் செய்யுங்கள். வரிசை முக்கியம். முதலில் பிளாக் செய்துவிட்டு ஆதாரம் தேடினால் சிரமப்படுவீர்கள்.

ஒரு பைசா அனுப்ப வேண்டாம். அப்பா போனிலிருந்து கூப்பிட்டு அவனைத் திட்டவும் வேண்டாம். குடும்பம் பதறுகிறது என்று தெரிந்தால் விலையை ஏற்றுவான்.

பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். 'என்ன செய்யலாம்' என்று கேட்டு மைத்துனருக்கு, தெரிந்த வக்கீலுக்கு, குடும்ப குரூப்புக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் இப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது நம் நாட்டில் கடும் குற்றம். ஒவ்வொரு ஃபார்வர்டிலும் பிள்ளைக்கு அதே காயம் மறுபடி விழுகிறது. போன் உங்களிடமே இருக்கட்டும், போலீஸ் கேட்டால் போனோடு காட்டுங்கள்.

யாரிடம் போவது? நடு இரவில் என்ன செய்வதென்றே தெரியாவிட்டால் 1098. குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது, பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிடலாம். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்னில் (cybercrime.gov.in), பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. நேரில் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம் அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்.

படம் எங்காவது பரவிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டேக் இட் டவுன் என்று ஓர் இலவச சேவை. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துகிறது, எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். இது வேலை செய்யும் விதம் அழகானது. உங்கள் போனில் இருக்கும் படத்தை நீங்கள் தேர்வு செய்தால், அந்தப் படத்துக்கு மட்டுமே உரிய ஒரு நீண்ட குறியீடு போனிலேயே உருவாகும். ஆளுக்கு ஒரு கைரேகை மாதிரி, படத்துக்கு ஒரு ரேகை. அந்த ரேகை மட்டும் அங்கே போகும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, யார் கண்ணிலும் படாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த ரேகையோடு ஒத்துப்போகும் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். வாட்ஸ்அப் மாதிரி பூட்டிய உரையாடலுக்குள் இது எட்டாது. ஆனாலும் "இன்ஸ்டாவுல எல்லாருக்கும் போட்டுடுவேன்" என்று மிரட்டுகிறவனின் கையைக் கட்டிப்போட இது பெரிய உதவி. படம் எடுத்தபோதே 18 வயது நிரம்பியிருந்தால் இதே முறையில் இயங்கும் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

போலீஸுக்குப் போனால் பிள்ளை பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் பல புகார்கள் வீட்டுக்குள்ளேயே அமுங்கிவிடுகின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பயத்தை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். பிள்ளையின் பெயர், முகவரி, படம், பள்ளி என்று அடையாளம் தெரியக்கூடிய எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. 24ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளைக்கு வசதியான இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர் வர வேண்டும், காக்கிச் சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் அவர்கள் செய்யும் சலுகை இல்லை, உங்கள் உரிமை. கேட்டு வாங்கலாம்.

போக்சோவில் 'குழந்தை' என்றால் 18 வயது நிரம்பாத யாரும், ஆண் பிள்ளைகளும் சேர்த்துத்தான். ஆன்லைனில் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு பாலியல் நோக்கத்தோடு தொல்லை கொடுப்பது அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வருகிறது. பிள்ளையை ஆசை காட்டி இப்படிப்பட்ட ஆன்லைன் உறவுக்கு இழுப்பதையே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தனிக் குற்றமாகச் சொல்கிறது. முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அதாவது படம் கைமாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். இந்தப் படங்களை 'குழந்தைகள் ஆபாசப் படம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட படங்களைத் தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. கூடவே அந்தச் சொல்லையும் விட்டுவிடச் சொன்னது. இவை குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலின், வன்கொடுமையின் பதிவுகள், அப்படியே சொல்ல வேண்டும் என்றது. எனக்கு அந்தத் திருத்தம் மிகவும் பிடித்தது. ஆபாசப் படம் என்றால் அதில் இருப்பவர் விரும்பி நடித்ததாக ஒரு வாசனை வருகிறது. குழந்தைக்கு அதில் விருப்பம் என்று ஒன்று கிடையாது.

பிறந்த வருடத்தைப் பாருங்கள்

செட்டிங்ஸ் பற்றிக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூட்டு போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் பேச்சை மறந்துவிடக் கூடாது. ஆனால் பூட்டும் வேண்டும்.

பிள்ளையின் இன்ஸ்டா கணக்கில் பிறந்த தேதி என்னவென்று பார்த்திருக்கிறீர்களா? 13 வயதுக்குக் கீழே கணக்குத் தொடங்க முடியாது என்பதால் பத்து வயதுப் பிள்ளை 2000, 1998 என்று ஏதோ ஒரு வருடத்தைத் தட்டிவிட்டு உள்ளே போயிருக்கும். பல வீடுகளில் அண்ணனோ அக்காவோதான் அப்படிப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அங்கேதான் சிக்கல். இன்ஸ்டாகிராம் 2024இல் டீன் அக்கவுண்ட் என்று கொண்டுவந்தது, இந்தியாவுக்கு 2025இல் வந்தது. 18க்குக் கீழே உள்ளவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், ஃபாலோ செய்யாதவர்களிடமிருந்து மெசேஜ் வராது, 16க்குக் கீழே என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். எல்லாம் சரி. ஆனால் பிறந்த வருடம் 1998 என்று இருந்தால், அந்தக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது இருபத்தெட்டுப் பக்கம். எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ் போய், யார் வேண்டுமானாலும் குரூப்பில் சேர்க்கலாம் என்று இருப்பதை 'என் கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். டிபியையும் அதே மாதிரி. ஒருமுறை பார்த்ததும் மறைந்துவிடும் படம், 'வியூ ஒன்ஸ்', பாதுகாப்பானது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து அந்தத் திரையைப் படம் எடுப்பதை எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, உங்கள் போனையும் பிள்ளையின் போனையும் எடுத்துக்கொண்டு செய்து காட்டுங்கள். ஒரு பூவின் படத்தை வியூ ஒன்ஸாக அனுப்பச் சொல்லி, நீங்கள் திறக்கும்போது பிள்ளையின் போனாலேயே அந்தத் திரையைப் படம் எடுத்துக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை, பிள்ளைக்கு மறக்காது.

இதையெல்லாம் பிள்ளை தூங்கிய பிறகு போனை எடுத்து ரகசியமாகச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, போன் பிள்ளை கையிலேயே இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "இதுல டேட் ஆஃப் பர்த் எங்க இருக்கும், எனக்குக் காட்டேன்." பாதிக்கு மேல் உங்களைவிடப் பிள்ளைக்கே தெரிந்திருக்கும். வருடத்தைப் பார்த்ததும் அது கொஞ்சம் சங்கடப்பட்டுச் சிரிக்கும். திட்டாதீர்கள். மாற்றிவிட்டு, அடுத்து உங்கள் போனை அதன் கையில் கொடுங்கள். உங்கள் ஃபேஸ்புக்கில் பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படம், பள்ளி பெயர், பிறந்தநாள் எல்லாம் எத்தனை இருக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும். அதில் எதை எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்வு செய்யட்டும்.